ஸ்பிரிங்கர் மலையில் மூன்று தார்ப்பாய்கள்

முதல் நாள்: அமிக்கலோலா அருவியிலிருந்து ஸ்பிரிங்கர் உச்சி வரை

அட்லாண்டாவிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, அமிக்கலோலா அருவிப் பூங்காவில் காரை நிறுத்திவிட்டு, நானும் என் மைத்துனனும் காலை எட்டரை மணிக்கு நடக்கத் தொடங்கினோம். 222 மீட்டர் உயரத்திலிருந்து பாறைக்குப் பாறை தாவி இறங்கும் அந்த அருவியின் ஓரமாக 604 படிகள் ஏற வேண்டும். பெரிய மூட்டையுடன் அவற்றை ஏறி முடித்தபோதே, மூன்று தார்ப்பாய்களைச் சுமந்து வந்தது சரியான முடிவுதானா என்ற கேள்வி எழுந்தது. இருவர் படுக்க இரண்டு போதும். ஆனால் இந்தப் பயணத்தின் நோக்கமே அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

வரும் அக்டோபரில், அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மலைகளின் வழியே செல்லும் அப்பலாச்சியன் நெடுநடைபாதையின் ஜார்ஜியாப் பகுதி முழுவதையும், அதாவது ஏறத்தாழ 126 கிலோமீட்டரை, ஒரே மூச்சில் நடந்துவிட வேண்டும் என்று என் மனைவியும் நானும் திட்டமிட்டிருக்கிறோம். கூடாரம் வேண்டாம், இரு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தொங்குபடுக்கையான ஹம்மாக்கில்தான் உறங்குவோம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கல்லும் வேரும் சரிவும் நிறைந்த இந்த மலைகளில் சமதரையைத் தேடி அலைவதைவிட, இரண்டு நல்ல மரங்களைத் தேடுவது எளிது. தென்காசியில் தூளியில் வளர்ந்த எனக்குத் துணியில் தொங்கியபடி உறங்குவது புதிதும் அல்ல. தீராமல் இருப்பது ஒரே ஒரு கேள்விதான்: மேலே கட்டும் தார்ப்பாய் எந்த அளவில் இருந்தால் உடல் நனையாது, தேவையில்லாத சுமையும் சேராது?

மூன்றின் விவரத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பக்கத்துக்கு 275 சென்டிமீட்டர் உள்ள சதுரம். சில ஆண்டுகளாக நான் கோடைக்காலத்தில் பயன்படுத்திவருவது. இரண்டாவது, 335 சென்டிமீட்டர் முகடும் (கட்டும்போது கூரையின் உச்சியாக நிற்கும் நடுக்கோடு) 260 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அறுகோணம். மூன்றாவது, என்னுடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் இரவல் கொடுத்த பெரியது. அதன் முகடு 365 சென்டிமீட்டர், அகலம் 300 சென்டிமீட்டர், இரு முனைகளிலும் உள்நோக்கி மடித்து மூடக்கூடிய கதவுகள் உண்டு. மூன்றுமே சிலிக்கோன் பூசிய மெல்லிய துணியால் ஆனவை. அறுகோணம் மட்டும் நைலான், மற்ற இரண்டும் பாலியஸ்டர்.

அளவு என்று பேசும்போது பலரும் தங்கள் உயரத்தை முதலில் சொல்கிறார்கள். நான் ஹம்மாக்கின் முகட்டுக் கயிற்றை அளப்பதிலிருந்து தொடங்குகிறேன். என் ஹம்மாக்கின் துணி நீளம் 335 சென்டிமீட்டர். இரு முனைகளையும் இணைத்து மேலே ஓடும் கயிறு துணி நீளத்தில் 83 விழுக்காடு இருந்தால், படுக்கை சரியான அளவில் தொய்ந்து, குறுக்காகப் படுக்கும்போது முதுகு வளையாமல் கிடைக்கும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி என் முகட்டுக் கயிறு ஏறத்தாழ 278 சென்டிமீட்டர். தார்ப்பாய் அதற்கு மேல் இரு பக்கமும் குறைந்தது 30 சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். ஓட்டு வீட்டுச் சுவருக்கு வெளியே இறவாரம் நீண்டிருப்பதும் இதே காரணத்தால்தான். குற்றாலச் சாரலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இறவாரம் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

பிற்பகல் நான்கரை மணிக்கு 1,153 மீட்டர் உயரமுள்ள ஸ்பிரிங்கர் உச்சியை அடைந்தோம். இங்கிருந்து மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலை வரை 3,500 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதையின் முதல் வெள்ளை வழிக்குறியைத் தொட்டுவிட்டு, அருகிலுள்ள தங்குமிடத்தைச் சுற்றி மரங்களைத் தேடினோம். இங்கே ஓக் மரங்கள் குள்ளமாகவும் நெருக்கமாகவும் நிற்கின்றன. ஹம்மாக்குக்குப் போதுமான இடைவெளி எளிதில் கிடைத்தது, ஆனால் 365 சென்டிமீட்டர் முகட்டை இழுத்துக் கட்ட இரு மரங்களுக்கு நடுவே நான்கு மீட்டராவது வேண்டும். பெரிய தார்ப்பாயைச் சுமந்துவந்த மைத்துனன் அப்படி ஓரிடத்தைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் அலைந்தான். “அத்தான், மரம் கிடைச்சாலும் நடுவுல இருக்கிற புதரை என்ன செய்ய?” என்று கேட்டான். அந்த அலைச்சலும் அளவுக்குக் கொடுக்கும் விலையில் சேர்ந்ததே என்று குறித்துக்கொண்டேன்.

இன்றிரவு நான் சதுரத்தின் கீழ் படுக்கிறேன். மேற்கிலிருந்து மேகம் ஏறுகிறது.

இரண்டாம் நாள்: ஸ்பிரிங்கரிலிருந்து ஹாக் மலை வரை

நள்ளிரவுக்குப் பின் மழை வந்தது. கனத்த மழை அல்ல, காற்றோடு சேர்ந்து சாய்வாக அடித்த நடுத்தர மழை. மூன்று மணி அளவில் பாதத்தில் குளிர் ஏறி விழித்தேன். கையால் தடவிப் பார்த்தபோது, இறகுத்தூவிப் போர்வையின் கால்பகுதி ஈரமாக இருந்தது. வாத்தின் தூவி நனைந்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காற்றைப் பிடித்துவைக்கும் பருமனை இழந்துவிடும். பிறகு அது போர்வையாக இருந்தும் பயன் இல்லை. மழைச்சட்டையைக் கழற்றி, பொத்தானிட்டு, அதைக் கால்பகுதியின் மேல் உறைபோல மாட்டிவிட்டு மீதி இரவைக் கழித்தேன். இதே சதுரத்தின் கீழ் எத்தனையோ ஜூலை மழைகளில் நனையாமல் உறங்கியிருக்கிறேன் என்பதால் எனக்கு இது வியப்பாக இருந்தது. காலையில் காப்பி குடித்தபடி, அளவுநாடாவுடன் உட்கார்ந்து காரணத்தைத் தேடினேன்.

இரண்டு காரணங்கள் கிடைத்தன. முதலாவது மரங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் இந்த உயரத்தில் ஓக் மரங்கள் இன்னும் தளிர்விடவில்லை. ஜூலையில் இலைச்சுவர் தடுத்துநிறுத்தும் காற்று, இப்போது கிளைகளுக்கு நடுவே தடையின்றிப் பாய்கிறது. இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி மணிக்கு ஏறத்தாழ 23 கிலோமீட்டர் வேகத்தில் கீழே விழுகிறது. காற்றும் அதே வேகத்தில் வீசினால், துளி 45 பாகைச் சாய்வில் வரும். அது புயல் அல்ல, மலைமுகட்டில் சாதாரணமாக வீசும் காற்றுதான். ஆகவே கோடையில் தலைக்கு மேலிருந்து மட்டும் வந்த மழையை, வசந்தத்தில் பக்கவாட்டிலிருந்தும் எதிர்பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் சதுரத்தின் வடிவம். அதன் பக்கம் 275 சென்டிமீட்டர்தான் என்பதால், சாதாரணக் கூரைபோல நடுவில் மடித்துக் கட்டினால் முகடு ஹம்மாக்கின் கயிற்றளவுக்கே காணாது. அதனால் மூலைக்கு மூலை, மூலைவிட்டத்தை முகடாக்கிக் கட்டுகிறோம். முகடு 388 சென்டிமீட்டர் கிடைத்துவிடுகிறது, நெட்டாகப் பார்க்கும்போது பெரிய தார்ப்பாயையே மிஞ்சிவிடுகிறது. ஆனால் துணியின் பெரும்பகுதி நடுவில் தொங்குகிறது. நடுவில் முகட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 194 சென்டிமீட்டர் துணி இருக்கிறது. நடுவிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி, என் பாதம் இருக்கும் இடத்தில், அது 104 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஹம்மாக்கில் குறுக்காகப் படுப்பதால் என் கால்கள் நடுக்கோட்டிலும் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கியே இருக்கின்றன. கால்முனை நடுப்பகுதியைவிட உயர்ந்தும் இருக்கும். துணி குறைந்த இடத்தில், ஓரம் உயர்ந்த இடத்தில், காற்று வரும் பக்கமாகவே காலை நீட்டிப் படுத்திருக்கிறேன். நனையாமல் எப்படி இருக்கும்?

அறுகோணத்தை எடுத்துக்கொண்டால், அதன் பரப்பு ஏழு சதுர மீட்டர் அளவுதான். சதுரத்தின் பரப்பு ஏழரைக்கும் சற்று மேல். இருந்தாலும் அறுகோணத்தின் கீழ்விளிம்பு நீளமாக ஓடுவதால், பாதம் இருக்கும் இடத்திலும் முகட்டிலிருந்து 130 சென்டிமீட்டர் துணி குறையாமல் இறங்குகிறது. குறைந்த துணி கூடுதலாக மூடுகிறது. கடைக்காரர் அட்டையில் எழுதியிருக்கும் நீள அகலத்தை மட்டும் பார்த்து வாங்குவது எவ்வளவு பெரிய பிழை என்பதை இந்த ஓர் ஒப்பீட்டிலேயே உணர்ந்தேன். அதிலும் ஒரு எச்சரிக்கை தேவை: துணி படபடக்காமல் விறைப்பாக நிற்பதற்காக விளிம்புகளை உள்நோக்கி வளைத்து வெட்டுகிறார்கள். அட்டையில் இருப்பது மூலையிலிருந்து மூலைக்கான அளவு. வளைவின் நடுவில் உண்மையில் கிடைக்கும் மறைப்பு அதைவிடக் குறைவு.

இன்றைய நடை 13 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கமும் ஓடைக்கரையும். லாங் கிரீக் அருவியில் மதிய உணவு உண்டோம். ஓடையோரத்து ஹெம்லாக் மரங்கள் பல பட்டுப்போய் நிற்கின்றன. ஆசியாவிலிருந்து வந்த மாவுப்பூச்சி போன்ற சிறு பூச்சியொன்று அவற்றின் சாற்றை உறிஞ்சிக் கொன்றுகொண்டிருக்கிறது. நிழலான அந்த இடங்கள் பார்க்க அழகாக இருந்தாலும், பட்ட மரத்தில் ஹம்மாக் கட்டவோ அதன் கீழ் படுக்கவோ கூடாது. கிளை முறிந்து விழுந்தால் எந்த அளவுத் தார்ப்பாயும் காப்பாற்றாது. நான் தார்ப்பாயை விரிப்பதற்கு முன் தலைக்கு மேல் முழுமையாக ஒருமுறை சுற்றிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஹாக் மலையில் இடம் தாராளம். இன்றிரவு எனக்கு அறுகோணம். நின்றபடி உடை மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று முகட்டை இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டியிருக்கிறேன்.

மூன்றாம் நாள்: ஹாக் மலையிலிருந்து கூச் மலை வரை

நேற்றிரவு நீண்ட இரவு. அதை முழுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஓர் இரவில் கிடைத்தது.

பத்து மணிக்குத் தொடங்கிய மழை இடைவிடாமல் பெய்தது. பதினொன்றரைக்கு என் தலையணை ஈரமாகிவிட்டது. பாதம் நனையவில்லை, தலை நனைகிறது! விளக்கைப் பொருத்திப் பார்த்தேன். ஹம்மாக்கின் முகட்டுக் கயிறு தரையிலிருந்து ஏறத்தாழ 138 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது, தார்ப்பாயின் முகடோ 200 சென்டிமீட்டரில். நடுவில் 62 சென்டிமீட்டர் வெற்றிடம். தார்ப்பாய் ஹம்மாக்கின் முனைக்கு வெளியே நீண்டிருப்பது 29 சென்டிமீட்டர் மட்டுமே. 45 பாகையில் வரும் மழை 62 சென்டிமீட்டர் இறங்கும்போது 62 சென்டிமீட்டர் உள்ளே நுழைந்துவிடும். அதில் 29 போக மீதி 33 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஹம்மாக்கின் தலைமுனைத் துணி நனைந்தது, அந்த ஈரம் துணியின் இழை வழியே ஊறித் தலையணை வரை இறங்கியது.

மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி, தார்ப்பாயின் முகட்டுக் கயிற்றை இரு மரங்களிலும் ஒரு சாணுக்கு மேல் இறக்கிக் கட்டினேன். இப்போது முகடு 168 சென்டிமீட்டரில், ஹம்மாக்கின் கயிற்றுக்கு 30 சென்டிமீட்டர் மேலே. உள்ளே நுழையும் சாரலும் வெளியே நீண்ட துணியும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. பக்கவாட்டு விளிம்பு தரையிலிருந்து 76 சென்டிமீட்டரில் வந்து நின்றது. முன்பு அது ஒரு மீட்டருக்கும் மேலே இருந்ததால், படுக்கைக்கு அடியில் தொங்கும் அடிப்போர்வையையும் சாரல் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகு விடியும்வரை ஒரு துளியும் என்மேல் படவில்லை. துணி அதேதான், அளவும் அதேதான். உயரத்தை மட்டும் மாற்றினேன். நிற்க இடம் வேண்டும் என்பவர், அந்த ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் ஈடாக இரு முனைகளிலும் அதே அளவு கூடுதல் நீளத்தைச் சுமக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு மறுபடியும் இறங்க நேர்ந்தது. நைலான் துணி ஈரத்தைக் குடித்தால் நீளும். மாலையில் முரசுத்தோல்போல் இழுத்துக் கட்டியிருந்த தார்ப்பாய், இப்போது தொய்ந்து, காற்றில் உள்நோக்கி வளைந்து அடிப்போர்வையின் ஓரத்தை உரசியது. இழுகயிறுகளின் முடிச்சை ஒவ்வொன்றாக இறுக்கினேன். பக்கத்தில் பாலியஸ்டர் தார்ப்பாயின் கீழ் மைத்துனன் எதுவும் அறியாமல் உறங்கிக்கொண்டிருந்தான். தொய்வையும் அளவோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்: நைலான் வாங்குபவர் அகலத்தில் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், அல்லது இழுகயிற்றில் ரப்பர் கயிறு ஒரு துண்டு சேர்த்துக்கொள்ளட்டும்.

அளவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தீராத ஒரு வழியும் உண்டு. மழை பெய்யும்போது மரத்தின் அடித்தண்டு வழியே நீர் வழிந்து இறங்குகிறது. அந்த நீர், மரத்தைச் சுற்றிக் கட்டிய பட்டையைப் பிடித்துக்கொண்டு, சரிவில் ஓடி ஹம்மாக்குக்குள் வந்துவிடும். பட்டை ஹம்மாக்கைத் தொடும் இடத்துக்குச் சற்று முன், தார்ப்பாயின் நிழலுக்குள், ஒரு சிறு நூல்கயிற்றை முடிந்து தொங்கவிட்டால், நீர் அதன் வழியே கீழே சொட்டிவிடும். ஹம்மாக்கில் புதிதாகப் படுப்பவர்கள் தார்ப்பாய் ஒழுகுகிறது என்று நினைத்து இன்னும் பெரிதாக ஒன்று வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு முழம் கயிறு.

இன்று 12 கிலோமீட்டர், சாசஃப்ராஸ் மலையின் செங்குத்தான ஏற்றத்தோடு. கூச் மலைத் தங்குமிடத்துக்கு வந்தபோது, இரவில் இடியுடன் கூடிய மழை என்று வானிலை அறிவிப்பு இருந்தது. உணவுப் பைகளைக் கரடிக்கு எட்டாத கம்பிவடத்தில் ஏற்றிவிட்டு, மலைமுகட்டிலிருந்து சற்று இறங்கி, மேற்குக் காற்றுக்குச் சரிவு மறைப்பாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தோம். தார்ப்பாய்களை மாற்றிக்கொண்டோம்: பெரியது எனக்கு, அறுகோணம் மைத்துனனுக்கு. “தாழ்வா கட்டு தம்பி, குனிஞ்சு நுழையிற மாதிரி இருக்கணும்” என்று சொல்லி, அவனுடைய முகட்டை நானே அளந்து கொடுத்தேன்.

நான்காம் நாள்: கூச் மலையிலிருந்து வுடி கேப் வரை

இடி ஒரு மணிக்கு வந்தது, மூன்று மணிக்குப் போனது. கதவுகளை மூடிய பெரிய தார்ப்பாயின் கீழ், மழையின் ஓசை காதை அடைத்தபோதும், முகத்தில் காற்றுகூடப் படவில்லை. மூட்டை, காலணி, ஈரச்சட்டை எல்லாம் கூரைக்குள் இருந்தன. எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சட்டை மாற்றிக்கொள்ள முடிந்தது. மழையில் மூன்று நாள்களாக நடந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது.

ஆனால் இரண்டு மணி அளவில் காற்று வரும் பக்கத்துக் கதவின் முளை, நனைந்து இளகிய மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பதினொரு சதுர மீட்டர் துணி காற்றைப் பிடித்தால் பாய்மரம்தான். அந்தக் கதவு படபடவென்று அறைந்ததில் பக்கத்து முளையும் ஆட்டம் கண்டது. இறங்கிச்சென்று, முளைகளைச் சாய்த்து மீண்டும் அடித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்தேன். பெரிய தார்ப்பாய் வைத்திருப்பவர் நீளமான முளைகளையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். சதுரத்துக்கும் அறுகோணத்துக்கும் நான் பயன்படுத்தும் மெல்லிய ஊசிமுளைகள் இதற்குப் போதாது.

விடிந்ததும் மைத்துனனிடம் ஓடினேன். அவன் நனையவில்லை. சரிவின் மேல்பக்கத்தில் தரையிலிருந்து தெறித்த சேறு மட்டும் அடிப்போர்வையின் ஓரத்தில் புள்ளிபுள்ளியாக இருந்தது. “ராத்திரி முழுக்க உக்காரவே முடியல அத்தான், ஆனா நனையல” என்றான்.

வுடி கேப் வரை எட்டு கிலோமீட்டர் நடை, வெயிலோடு. சாலையோரத்து மேசைகளின் மேல் மூன்றையும் விரித்து உலரவிட்டு, வண்டி வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். என் முடிவு இதுதான்: அக்டோபரில், இலைகள் பெரும்பாலும் மரத்தில் இருக்கும்போது, 335 சென்டிமீட்டர் முகடுள்ள அறுகோணத்தைத் தாழ்வாகக் கட்டி நடப்பேன். நவம்பர் முதல் ஏப்ரல் வரை, மரங்கள் மொட்டையாக நிற்கும் மாதங்களுக்கு, அதே 335 முகட்டில் கதவுகள் உள்ள ஒன்றை வாங்குவேன். 365 சென்டிமீட்டர் நீளம் எனக்குத் தேவையில்லை. அந்தக் கூடுதல் ஓர் அடி தந்த பாதுகாப்பைவிடக் கதவுகள் தந்த பாதுகாப்பு அதிகம், அந்த நீளத்துக்கேற்ற மரங்களைத் தேடிய நேரமோ மிக அதிகம். சதுரம் ஜூலைக்கு மட்டும்.

“அப்போ அக்காவுக்குச் சின்னது போதும்ல? அவ குள்ளம்தானே,” என்றான் மைத்துனன்.

என் மனைவியின் உயரம் 155 சென்டிமீட்டர். ஆனால் மழைக்கு ஆளின் உயரம் தெரியாது, ஹம்மாக்கின் முனைதான் தெரியும். என்னுடையதைப் போலவே 335 சென்டிமீட்டர் ஹம்மாக்கில் அவள் படுத்தால், அவளுக்கும் இதே தார்ப்பாய்தான் வேண்டும். 305 சென்டிமீட்டர் ஹம்மாக்குக்கு மாறினால், முகட்டுக் கயிறு 253 சென்டிமீட்டராகிவிடும். அப்போது இதே அறுகோணம் இரு முனைகளிலும் 41 சென்டிமீட்டர் நீண்டிருக்கும், அவள் விரும்புவதுபோல் கூரையை இன்னும் சற்று உயர்த்திக் கட்டலாம். இதைச் சொன்னதும் அவன் அளவுநாடாவை எடுத்து, தன் ஹம்மாக்கின் கயிற்றை மேசைமேல் நீட்டி அளக்கத் தொடங்கினான். 262 சென்டிமீட்டர் இருந்தது.